அசையாத முயல்

எங்களோடு வளரும் ஐந்து வயதுப் பேத்திக்கு முயல் வாங்கப் பூம்பாறைக்குப் போனேன். கையில் பட்டியல் இருந்தது: கண், காது, பல், குணம். ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் முயலையும் ஆய்வு செய்துதானே வாங்குவான்?

கூண்டில் மற்றவை துள்ள, ஒன்று மட்டும் அசையாமல் இருந்தது. ‘குணம்: அமைதி. திருப்தி’ என்று குறித்தேன்.

“அது பயந்துபோய்க் கெடக்கு சார். வேற எடுங்க,” என்றார் முயல் வளர்க்கும் அம்மா.

“எனக்குத் தெரியும்மா.”

“தெரிஞ்சா சரிதாங்க.”

கொடைக்கானல் வீட்டிலும் நான் பார்த்தவரை அது அசையவே இல்லை. மூன்றாம் நாள் பகலிலேயே பனிமூட்டம் ஜன்னலை அடைத்திருந்தது. பேத்தியின் அறைக்குள் சிரிப்பும், முயல் தாவும் ஓசையும் கேட்டன. கதவைத் திறந்தேன். சட்டென்று எல்லாம் நின்றது. இருவரும் அருகருகே, கண் இமைக்காமல் என்னையே பார்த்தார்கள். சாத்தினேன், சிரிப்பு தொடங்கியது. மறுபடி திறந்தேன், அதே இரண்டு சிலைகள்.

“ஏன் பாப்பா நிறுத்திட்ட?”

உதடு அசையாமல் சொன்னாள்: “தாத்தா வந்தா அசையக்கூடாதுன்னு நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன்.”

பேத்தி ரொம்ப அமைதி என்று எல்லோரிடமும் பெருமையடித்தவன் நான்.

இப்போது அந்தக் கதவை நான் திறப்பதில்லை. உள்ளிருந்து திறக்கட்டும் என்று வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.