எஞ்சினைத் திறந்தவர்

ஆத்மநாதனுக்குக் கடலே ஆகாது. நீச்சல் தெரியாது, படகில் கால் வைத்தால் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பார். ஆவுடையார்கோவில் பக்கம் வயல்களில் பம்புசெட்டு எஞ்சின் பார்த்தவர். அங்கெல்லாம் கரண்டு மோட்டார் வந்துவிடவே, பிழைப்புத் தேடி எங்கள் ஜெகதாபட்டினம் கரைக்கு வந்தார். "வயக்காட்டு மெக்கானிக்கு வாராருடோய்" என்று என் மச்சான் பிச்சைமுத்து ஓட்டாத நாளில்லை. படகு எஞ்சினை யாரும் தொடவிடவில்லை. மனுஷன் அசரவே இல்லை, தினமும் வந்து நின்றார்.

வேறு ஆள் கிடைக்காத ஒரு நாளில் என் படகைக் கொடுத்தேன். அதுதான் கரையில் அவருக்கு முதல் வேலை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைத் திறந்தவர், அந்தப் படகு அடுத்து கடலுக்குப் போகும்போது கூடவே வர வேண்டும். வேலை சரியில்லை என்றால் அவரும் சேர்ந்து தவிக்கட்டுமே! பழைய மெக்கானிக்குகள் வயிற்றுவலி, மாமியார் வீட்டு விசேஷம் என்று நழுவிவிடுவார்கள். இவர் எலுமிச்சம்பழமும் கையுமாக என்னோடும் மச்சானோடும் ஏறி உட்கார்ந்தார்.

உச்சிப்பொழுதில் எஞ்சின் இருமியது. அப்படியே நின்றது. மேற்கிலிருந்து கச்சான் காற்று எங்களைக் கிழக்கே தள்ளியது. ஜிபிஎஸ் கருவியில் எல்லைக் கோடு நெருங்கி வந்தது. தாண்டினால் அந்த நாட்டு நேவிக்காரர்கள் படகைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக்குச் சோறு போடுவதே அந்தப் படகுதான்.

நங்கூரத்தை வீசினேன். பிடிக்கவில்லை; சேற்றை உழுதுகொண்டே வந்தது.

ஆத்மநாதன் வாந்தி எடுத்த வாயைத் துடைத்துவிட்டு டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே கருப்பாகக் கசடு.

"தப்பு என்னுதுங்க. வயக்காட்டுல எஞ்சின் அசையாம நிக்கும், கசடு டேங்க் அடியிலயே கெடக்கும். இங்கிட்டுப் படகு ஆடுற ஆட்டத்துல பூராம் கலங்கி மேல வந்துருச்சு. டேங்க்க கழுவாம விட்டுட்டேன்."

எனக்கு வந்ததே கோபம்! "நடுக்கடல்ல வந்து இதச் சொல்றீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?"

"கரைக்குப் போயி எம்புட்டு வேணாலும் திட்டுங்க. இப்ப நங்கூரத்தப் பிடிக்க வைங்க. எஞ்சின நான் பாக்குறேன்."

வாந்தி எடுத்துக் கிடந்த மனுஷன் என்னை அதட்டுகிறார்! ஆனால் சொன்னது நியாயம். வலைக்கயிற்றை அவிழ்த்து நங்கூரக் கயிற்றோடு முடிந்து, நானும் மச்சானும் முழுவதையும் விட்டோம். கயிறு நீண்டால் நங்கூரம் படுத்து மண்ணில் குத்தும். குத்தியது. படகு மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நின்றது. கோடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

அவர் வேட்டியை அவிழ்த்தார். டவுசரோடு நின்று, டேங்கிலிருந்த டீசலைக் கேனில் இறக்கி, வேட்டியில் வடிகட்டினார். நடுநடுவே ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தார். டேங்கைத் துடைத்து, டீசலை ஊற்றி, குழாயில் ஏறிய காற்றை எடுத்துவிட்டு ஹேண்டிலைச் சுற்றினார். பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார். படபடவென்று பிடித்துக்கொண்டது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரைக்கு வந்ததும் மச்சான் ஊருக்கே சொல்லிவிட்டான். சிரிப்பான சிரிப்பு. "பேசாம வீட்டுக்குப் போங்க, கடலு ஒங்களுக்கு ஒத்துவராது" என்றேன். வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் அதே டீசல் கறை வேட்டி, கையில் எலுமிச்சம்பழம், என் படகில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, நீங்க எங்கிட்டு வாரீங்க?"

"நேத்து நடுக்கடல்ல எஞ்சினத் தொறந்தேன்ல? அப்ப இன்னைக்கும் நான் வரணும்ல? ஏறுங்க, நேரமாச்சு."