கேட் பெயிண்ட் அடித்த கார்

போன வாரம் பங்சாரில் என் காரைப் பட்டறையில் விட்டிருந்தேன். மெக்கானிக் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல்வரை போனேன், திரும்பி வந்து அவர் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தேன். நான் அப்படித்தான். என்னை அறிந்தவர்கள் சினிமாவுக்குக்கூட என் பக்கத்து இருக்கையில் உட்காரமாட்டார்கள். அவர் பிரேக் ஆயில் புட்டியின் மூடியைத் திருகினார். லேசாக இனிக்கிற ஒரு வாடை. அவ்வளவுதான், பட்டறை போய்விட்டது. கிள்ளானுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த இருபத்தாறு வயதில் நின்றுகொண்டிருந்தேன்.

பிரேக் ஆயிலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் மாடல் கார் தெரியுமா? பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும், பசை போட்டு ஒட்டி உள்ளங்கை நீளத்துக்கு ஒரு காரை உண்டாக்க வேண்டும். அப்படி யாரோ எந்தக் காலத்திலோ ஒட்டி, கண்டபடி பெயிண்ட் அடித்து, உடைத்துப் போட்டதைத் தேடிப்பிடித்துச் சீராக்குவது அப்போது என் பைத்தியம். பழைய பெயிண்டை எடுக்க ஐஸ்கிரீம் டப்பாவில் பிரேக் ஆயிலை ஊற்றி இரண்டு நாள் ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் தோல் உரிகிற மாதிரி வந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த அறையில் கட்டிலுக்கு அடியில் எப்போதும் நாலு டப்பா இருக்கும். ஒருநாள் வீட்டுக்காரம்மா அதில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, இது என்ன ஊறுகா?" என்று கேட்டார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மூன்று வருடத்தில் நாலு வேலை மாறியிருந்தேன். நாலாவது, கிள்ளானில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகம். மோதி நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, கோப்பு எழுதுவது என் வேலை. தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் பெடரல் ஹைவேயில் பறப்பேன். பகல் முழுக்க நசுங்கிய பெரிய கார்கள், சாயங்காலம் நசுங்கிய சின்னக் கார்கள்.

அதே அலுவலகத்தில் வசந்தி இருந்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்து காலமானவர், அம்மாவுக்கு அந்த ரயில்வே ஆபீசிலேயே வேலை. ஒருநாள் மதியம் வசந்தி, காலணி வாங்கிய ஒரு சப்பாத்துப் பெட்டியை என் மேசையில் வைத்தாள்.

"நீங்க இந்த மாதிரி கார் எல்லாம் ரிப்பேர் பண்ணுவீங்களாமே. இது தம்பியோடது. முடியுமா?"

உள்ளே இரண்டு கதவு வைத்த ஒரு ஜப்பான் கார். கூரை அமுங்கியிருந்தது. முன் பம்பர் இல்லை, பானெட் இல்லை, ஒரு சக்கரம் இல்லை. வீட்டு கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டைத் தடித்த பிரஷ்ஷால் பூசியிருந்தார்கள். கண்ணாடியில் பசை வழிந்து காய்ந்து, அதன் மேல் ஒரு பெருவிரல் ரேகை. தம்பி ஜெகன் பதினாறு வயதில் செய்தது என்றாள். இருபது வயதில் அவன் காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிளில் போய் ஒரு லோரியில் மோதினான். பிழைத்தான். ஆனால் வலது கை நடுங்குகிறது, பேச்சு மெதுவாகிவிட்டது, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. நாலு வருடமாகிறது. அவன் சக்கரம் வைத்த எதையும் கண்ணால் பார்க்கக்கூடாது என்று அம்மா இந்தக் காரையும் பெட்டியில் போட்டு மூடி, அதன் மேல் ஒரு டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டாராம்.

"இத நல்லா பண்ணிக் குடுத்தா அவனும் கொஞ்சம் நல்லாவான்னு தோணுதுலா" என்றாள்.

முடியும் என்று உடனே சொன்னேன். வசந்தி பச்சைத் தண்ணீரில் நெருப்புப் பற்றவைக்க முடியுமா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று நினைக்காதீர்கள்.

சீராக்க வேண்டுமென்றால் முதலில் அது என்ன கார் என்று தெரியவேண்டும். கார் வந்த அட்டைப்பெட்டி இல்லை, படத்தாள் இல்லை. அடித்தட்டில் கம்பெனி பெயர் இருக்கும் இடத்தில் ஜெகன் மோட்டார் வைக்கக் கத்தியைச் சூடுபண்ணி ஓட்டை போட்டிருந்தான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே அளந்தேன். தொண்ணூற்றேழரை மில்லிமீட்டர். ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் நிஜக் காரை இருபத்துநாலால் வகுத்துச் செய்வார்கள், அமெரிக்கர்கள் இருபத்தைந்தால். இருபத்துநாலால் பெருக்கினால் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. அந்த அளவில் இரண்டு கதவு வைத்து, பின் விளக்கு வட்டமாக உள்ள கார் எது? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்துப் பழைய கோப்புகளைப் புரட்டினேன். காப்பாரிலிருந்து வந்த ஒரு கோப்பில் அந்த வட்ட விளக்கு இருந்தது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் காப்பாருக்கு வண்டியை விட்டேன். கார், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரம் நின்றது. சொந்தக்காரரைக் கூப்பிடுகிற பொறுமை எனக்கு ஏது? அளவு நாடாவோடு தரையில் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலைக்குப் பக்கத்தில் இரண்டு ரப்பர் சிலிப்பர் வந்து நின்றன.

"தம்பி, என்ன பண்றீங்க?"

"இன்சூரன்ஸ், அங்கிள்."

"அதான் போன வருஷமே முடிஞ்சிருச்சே."

நிஜத்தைச் சொன்னேன். அவர் குனிந்து என் கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். பிறகு, "பம்பரையும் அளந்துக்க. பின்னாடி வந்து கேக்காத" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு இளநீர் வெட்டப் போனார்.

பெருக்கிய கணக்கு மில்லிமீட்டர் பிசகாமல் சரியாக வந்தது. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பொம்மைக் கடையின் மூலையில், அதே காரின் இன்னொரு உடைந்த பிரதியும் கிடைத்தது. அதன் டயர் சக்கரத்தோடு உருகி ஒட்டியிருந்தது. பழைய டயர்கள் காலப்போக்கில் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், பிரிக்கவே முடியாது. ஆனால் பானெட்டும் பம்பரும் ஒரே ஒரு சக்கரமும் தப்பியிருந்தன. மூன்று மாதம் உழைத்தேன். பச்சை பிரேக் ஆயிலில் உரிந்து போனது. ரேகை பதிந்த கண்ணாடியைக் குப்பையில் போட்டுப் புதிது வைத்தேன். கூரையை வெந்நீரில் காட்டி நிமிர்த்தினேன். மேலே மின்னுகிற சிவப்பு. இன்றுவரை அப்படி ஒரு காரை நான் செய்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று வசந்தியின் அம்மா தேத்தண்ணி போடப் போனார். ஜெகன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். காரை அவன் மடியில் வைத்தேன். இடது கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரோட கார்?"

"உன்னோடதுதான்டா" என்றாள் வசந்தி.

"இல்ல. என்னோடது பச்ச." பிறகு என்னைப் பார்த்தான். "பச்ச எங்க?"

"கழுவிட்டேன்."

அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. "நான் கேட்டேனா?"

தேத்தண்ணி வருவதற்குள் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். கோபம். மூன்று மாதம்! காப்பாரில் மண்ணில் படுத்தவன் நான்! அந்த வாரம் முழுக்க வசந்தியும் என் பக்கம் திரும்பவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன், எனக்கு அது பழக்கம்தானே. வெள்ளிக்கிழமை அவளே வந்தாள்.

"அவன் சொன்னது சரிதான். எந்தச் சட்ட போடணும், எப்ப முடி வெட்டணும், எல்லாம் நாங்களே முடிவு பண்றோம். நாலு வருஷமா அவன்கிட்ட யாரும் எதையும் கேக்கல. இந்தக் காரக்கூட நான் கேக்காமத்தான் உங்ககிட்ட குடுத்தேன்."

நானும் கேட்கவில்லை. அவனை நினைத்தே நான் அந்தக் காரைச் செய்யவில்லை. வசந்தியின் முகம் மலர்வதை நினைத்துத்தான் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். அவன் எதிரே உட்கார்ந்து, "என்ன பண்ணலாம் ஜெகன்?" என்றேன். அவன் யோசிக்கவே இல்லை.

"ஒடைக்கணும்."

காரை ஒருமுறை தடவிப் பார்த்தேன். ஆனாலும் வழி சொன்னேன். பசை போட்ட காரைக் கடும் குளிரில் வைத்தால் பசை மொறுமொறுப்பாகி, தட்டினால் விட்டுவிடும். வசந்தியின் அம்மா ஐஸ்பெட்டியைத் திறந்து, கெளுத்தி மீன் பொட்டலத்தைத் தள்ளி இடம் செய்தார். "மீன் மணக்கப் போகுது, பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தோம். ஜெகன் மேசை விளிம்பில் ஒரே தட்டு. என் சிவப்புக் கார் பதினெட்டுத் துண்டாகியது. நாலு வருடத்தில் அவன் அப்படிச் சிரித்ததில்லை என்று வசந்தி பிறகு சொன்னாள்.

அன்று தொடங்கி ஏழு மாதம், ஞாயிறு தவறாமல், அவனே ஒட்டினான். வலது கையால் துண்டை மேசையோடு அழுத்திப் பிடித்து, இடது கையால் பசை. ஒரு கதவுக்கு மூன்று வாரம். எனக்கு அது நரகம். கை பரபரக்கும். பிடுங்கி ஒரு நிமிடத்தில் ஒட்டிவிடலாம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்போது கால் ஆட ஆரம்பிக்கும், மேசை அதிரும்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்க" என்பான். "நடுங்கறது என் கை போதும்."

கூடத்தில் அவன் அம்மாவோடு கறிவேப்பிலை ஆய்வேன். கார் முடிந்தது. பச்சை கேட் பெயிண்ட், ஆங்காங்கே திட்டுத் திட்டாக. சக்கரம் கோணல், உருட்டிவிட்டால் இடது பக்கமாக வட்டம் போட்டது. அவன் அதைப் பத்து முறை உருட்டினான். "இது என் கார்" என்றான்.

அதற்குப் பிறகுதான் பெரிய சண்டை வந்தது. பசை தீர்ந்துவிட்டது. கிள்ளான் கடைக்குத் தானே தனியாக பஸ்ஸில் போய் வாங்கி வருகிறேன் என்றான். அம்மா அழுதார். "உனக்கு என்னத்துக்கு? தம்பி வாங்கித் தருவாரே" என்று என்னைக் காட்டினார். நானும் தலையாட்டப் போனேன். வசந்திதான் குறுக்கே வந்தாள்.

"அவன் போகட்டும்மா" என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டோம். நான் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் அந்த பஸ்ஸைப் பின்தொடர்ந்தேன். என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஷா ஆலம் தாண்டியதும் பஸ்ஸின் பின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கையைத் தூக்கினான். சந்தோஷத்தில் நானும் கையசைத்தேன். அவன் மறுபடி தூக்கினான், விரல்களை வெளிப்பக்கமாக உதறினான். அப்போதுதான் புரிந்தது. போ, போ என்கிறான்.

வண்டியை ஓரம் கட்டினேன். லோரிகள் காற்றை அறைந்துகொண்டு போயின. பஸ் சின்னதாகி வளைவில் மறைந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். பின்னால் போகவும் இல்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் வந்து சேர்ந்தான், இரண்டு டியூப் பசையோடு. தவறான நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தானாம். அம்மா கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவ, அவன் சாப்பிட்டுக்கொண்டே கிள்ளான் கதையை மூன்று முறை சொன்னான்.

வசந்தியிடம் நான் கேட்கவேண்டியதைக் கேட்கவே இல்லை. அந்த விஷயத்தில் மட்டும் எங்கிருந்தோ எனக்குப் பொறுமை வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடல் தாண்டி பெர்த் நகரத்தில் இருந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருடம் அம்மாவும் ஜெகனும் அவளோடு இருக்கப் போனார்கள். அங்கே ஜெகன் மாடல் கார் கடை ஒன்றில் வேலைக்கு இருப்பதாகக் கடிதம் வந்தது. எழுத்து கோணல், ஆனால் அவன் கையெழுத்து. பிறகு நான் வீடு மாறினேன், வேலை மாறினேன், கடிதங்கள் என்னைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுபோயின.

கிள்ளான் பொம்மைக் கடை கைப்பேசிக் கடையாகி, அதுவும் மூடிக் கிடக்கிறது. காப்பாரில் அந்தத் தோட்டத்தின் மேல் தொழிற்சாலைகள் நிற்கின்றன. இரண்டு கதவு வைத்த அந்தக் காரைச் சாலையில் பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று. வசந்தி வீடு இருந்த ரயில்வே குவாட்டர்ஸை இடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். தகர வேலி போட்டிருந்தது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்ததைக் கண்டு காவலுக்கு இருந்த பையன் வந்தான்.

"யாரத் தேடறீங்க பாஸ்?"

வசந்தி வீட்டு எண்ணைச் சொன்னேன். அவன் வேலிக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னான்.

"இங்க எப்ப பாஸ் வீடு இருந்துச்சு?"