ஒரு ரெக்கில் இரண்டு கைப்பட்டி

1. சிமிட்டிய லைட்

அந்தத் திங்கட்கிழமை காலையில் போன் லைன்களை ஓட்டுகிற புதுக் கார்டை, கார்டுகள் செருகுகிற ஷெல்ஃபில் தள்ளிப் பிடியைப் பூட்டினோம். கார்டின் அடியில் இருக்கிற சின்ன நீல லைட் சிமிட்டத் தொடங்கியது. கொஞ்ச நேரம் சிமிட்டி அணைந்தால் கார்ட் வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அது அணையவில்லை. நாங்கள் பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், சிமிட்டியது. பகல் சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம், அப்போதும் சிமிட்டியது. பின்னேரம் அதை அப்படியே சிமிட்டவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

நான் வெள்ளவத்தையில் ஒரு சின்ன டெலிபோன் கொம்பனியின் வயரிங் ரூமுக்குப் பொறுப்பாக இருந்தவள். பெயர் லூர்து. வீடு கொட்டாஞ்சேனை. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் ரெக்கில், அதாவது இந்தப் பெட்டிகளை அடுக்குகிற இரும்புச் சட்டத்தில், கேபிள் இழுத்துக் கட்டுவதில் கொழும்பில் என்னிடம் பிழை கண்டவர் இல்லை. கண்டவர் இருந்தால் இந்தக் குறிப்பை வாசித்த பிறகாவது வந்து சொல்லட்டும். புதிதாக வயரிங் ரூமுக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதச் சொன்னார்கள். ஆறுதலாகத்தான் எழுதுவேன்.

வெள்ளவத்தைப் பக்கத்துக் கடைகளுக்கும் பிளாட்டுகளுக்கும் போனும் இன்டர்நெட்டும் கொடுப்பதுதான் எங்கள் கொம்பனியின் வேலை. ரூமில் என்னோடு நான்கு பெண்கள். எங்களுக்கு மேலே பர்சானா மிஸ். இன்ஜினியர். தெஹிவளைப் பிள்ளை, மெதுவாகத்தான் கதைப்பார், 'சொல்ல' என்பதை 'செல்ல' என்பார். இந்தப் புது ஷெல்ஃபை வாங்கச் சொல்லி டிரெக்டரோடு மல்லுக்கட்டியவர் அவர்தான்.

2. பூட்டின பெட்டி

முன்பு எங்களிடம் இருந்தவை ஒரே மேக்கின், அதாவது ஒரே கொம்பனி செய்த, பெட்டிகள். பெட்டி, கார்ட், ஃபேன், ஆணி எல்லாம் அவர்களுடையதுதான். வேறு மேக் கார்ட் அதற்குள் போகாது. உள்ளே ஒரு நம்பரை மாற்ற வேண்டும் என்றால் பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்ட் கொள்ளுப்பிட்டியில் இருந்தது. அங்கே அந்த மேக்குக்கு ஏஜென்ட் ஒருவர் இருந்தார். கொள்ளுப்பிட்டிச் சேர் என்று சொல்வோம். ஏதாவது நின்றுபோனால் அவருக்குப் போன் பண்ணுவோம். அவர் ஆள் அனுப்புவார். ஆள் வந்தால் பெட்டிக்குக் குறுக்கே நின்று முதுகைக் காட்டிக்கொண்டு டைப் பண்ணுவான். நாங்கள் அவனுக்கு டீ கொடுப்போம். எங்கள் பங்கு அவ்வளவுதான்.

பிறகு அந்த மேக் பழைய கார்டைச் செய்வதை நிறுத்திவிட்டது. கார்ட் பழுதானால் முழுப் பெட்டியையும் மாற்றுங்கள் என்றார் கொள்ளுப்பிட்டிச் சேர்.

அப்போதுதான் பர்சானா மிஸ் திறந்த முறை ஷெல்ஃபைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் பல கொம்பனிகள் ஒன்றாக இருந்து ஒரு ஸ்டேண்டர்ட் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஷெல்ஃப் இந்த அளவு, கார்ட் இந்த அளவு, கரண்ட் இப்படிக் கொடுக்க வேண்டும், ஷெல்ஃபும் கார்டும் கதைத்தால் இந்தப் பாஷையில் கதைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஷெல்ஃபை ஒருவரிடம் வாங்கலாம், கார்டை இன்னொருவரிடம் வாங்கலாம். கார்ட் பழுதானால் கார்டை மட்டும் மாற்றலாம்.

"ஆர் பொறுப்பு மிஸ்?" என்று கேட்டேன்.

"எதுக்கு அக்கா?"

"பழுதானா."

அவர் சிரித்தார். திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்த்தார். அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இருந்தது.

கொள்ளுப்பிட்டிச் சேரும் சும்மா இருக்கவில்லை. டிரெக்டரைப் பார்த்து, புதுப் பெட்டியும் தருகிறேன், வயரிங்குக்கு என் ஆட்களையே அனுப்புகிறேன், உங்களுக்கு அந்த ரூமே தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். டிரெக்டர் நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். வெள்ளிக்கிழமைக்குள் புது ஷெல்ஃப் வழியாகப் போன் கோல் போக வேண்டும், போகவில்லை என்றால் கொள்ளுப்பிட்டிக்குக் கையெழுத்து வைப்பேன் என்று பர்சானா மிஸ்ஸிடம் சொல்லிவிட்டார். அதாவது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வயரிங் ரூம் இருக்குமா இல்லையா என்பது அந்த நீல லைட்டின் கையில் இருந்தது. அது சிமிட்டிக்கொண்டிருந்தது.

3. எங்கட பக்கம் சரி

செவ்வாய்க்கிழமை ஷெல்ஃப் விற்ற கொம்பனியில் இருந்து ருவன் வந்தான். நல்ல சிங்களப் பிள்ளை, தமிழும் கொஞ்சம் தெரியும். தன்னுடைய சின்னக் கார்ட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். லைட் சிமிட்டி அணைந்தது.

"பலன்ன அக்கே, ஷெல்ஃப் ஹொந்தய்" என்றான். பார்த்தீங்களா, ஷெல்ஃப் நல்லது என்கிறான். "கார்ட்ல தான் பிழை" என்று தமிழிலும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை கார்ட் விற்ற கொம்பனியில் இருந்து சிவகரன் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒபிஸ் வெள்ளவத்தையிலேயே. எங்கள் கார்டைக் கழற்றித் தங்கள் ஒபிஸுக்குக் கொண்டுபோய்த் தங்களுடைய ஷெல்ஃபில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டுவந்தார்.

"எங்கட ஷெல்ஃபில வடிவா வேலை செய்யுது அம்மா. நான் நின்று பாத்தனான். அவையின்ர ஷெல்ஃபிலதான் ஏதோ பிரச்சினை."

"இங்க போட்டா வேலை செய்யுதில்லையே தம்பி."

"அதுக்கு நான் என்ன செய்யிறது? ஸ்டேண்டர்டில உள்ளபடிதான் எங்கட கார்ட்."

ஸ்டேண்டர்ட் புத்தகத்தை இரண்டு பேரும் போனில் வைத்திருந்தார்கள். ஒரே புத்தகம்தான். ருவனுக்கு ஒரு பக்கம் திறந்தது, சிவகரனுக்கு வேறு பக்கம் திறந்தது.

பர்சானா மிஸ் இரண்டு பேரையும் ஒன்றாக வரச் சொல்லி ஈமெயில் போட்டுப் பார்த்தார். பதில் மரியாதையாக வந்தது, ஆள் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் மிஸ் மேசையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"மிஸ், நான் போன் பண்ணட்டா?"

"நீங்க என்னத்த செல்லப் போறீங்க?"

"உள்ளதத்தான்."

ருவனுக்குப் போன் பண்ணி, சிங்களத்தில் தம்பி என்கிற மாதிரி, "மல்லி, நாளைக்குக் காலையில கார்ட்கார ஆள் வாறார். உங்கட ஷெல்ஃப்தான் பிழை எண்டு டிரெக்டருக்கு முன்னால சொல்லப்போறாராம். நீங்க வரணும் எண்டு இல்ல" என்றேன். சிவகரனுக்கும் போன் பண்ணி இதையே ஆளை மாற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் மற்றவரைப் பற்றி அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்? அடுத்த நாள் காலையில் நான் ரூமைத் திறக்க வரும்போது இரண்டு பேரும் படிக்கட்டில் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

4. இரண்டு கைப்பட்டி

எங்கள் ரூமில் ஒரு சட்டம் உண்டு. கைப்பட்டி கட்டாமல் யாரும் கார்டைத் தொடக்கூடாது. உடம்பில் இருக்கிற கரண்ட் கார்டைக் கொன்றுவிடும் என்பதால் மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டி அதன் வயரை ரெக்கில் குத்த வேண்டும். டிரெக்டர் வந்தாலும் கட்டத்தான் வேண்டும். கட்டியும் இருக்கிறார்.

அன்றைக்குப் புது ஷெல்ஃப் நிற்கிற ரெக்கில் ரூமில் இருந்த இரண்டு பட்டியையும் குத்தினேன். ஒன்றை ருவனுக்குக் கட்டினேன், மற்றதைச் சிவகரனுக்குக் கட்டினேன். வயர் கட்டைதான், நீளம் இல்லை. அப்பால் போகவேண்டும் என்றால் பட்டியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் நான் பார்ப்பேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஒரே கம்பத்தில் கட்டின இரண்டு ஆடு மாதிரி.

கொஞ்ச நேரம் ஸ்டேண்டர்டைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு வேறு வழி இல்லாமல் கார்டைப் பார்த்தார்கள். சிவகரன் தன் லேப்டொப்பில் கார்ட் என்ன கேட்கிறது என்று பார்த்தார். ருவன் தன் லேப்டொப்பில் ஷெல்ஃப் என்ன சொல்கிறது என்று பார்த்தான். முதல் தடவையாக இரண்டு ஸ்கிரீனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பர்சானா மிஸ்தான் முதலில் கண்டார்.

"கார்ட் ஷெல்ஃப் கிட்ட கரண்ட் கேக்குது. ஷெல்ஃப் தர மாட்டேன் எண்டு செல்லுது. அதான் கத."

கார்ட் உள்ளே போனதும் எனக்கு இவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கேட்குமாம். ஷெல்ஃப் தன்னிடம் எழுதி வைத்த அளவைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்குமாம். ஒரு இடத்துக்கு இவ்வளவுதான் என்று ஃபெக்டரியில் ஒரு சின்ன நம்பரைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எங்கள் கார்ட் அதை விடக் கூடக் கேட்டது. ருவனின் சின்னக் கார்ட் கொஞ்சம் கேட்டது, அதனால் கிடைத்தது. கேட்டதும் ஸ்டேண்டர்டில் உள்ளபடி. மறுத்ததும் ஸ்டேண்டர்டில் உள்ளபடி. இரண்டு பேர் பக்கமும் சரிதான். லைட் மட்டும் சிமிட்டியது.

"அப்ப ஷெல்ஃபில நம்பரைக் கூட்டினாச் சரி" என்றார் சிவகரன்.

"கார்ட்ல கொறச்சா சரி" என்றான் ருவன்.

இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். பட்டியோடு கையைக் கட்டுவது லேசு இல்லை, ஆனால் கட்டினார்கள். கை வைத்தவன் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

அந்த நேரம் பார்த்து டிரெக்டர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்போ இந்த நம்பரை மாற்றுவது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பாஸ்வேர்ட் யாரிட்ட இருக்கு?" என்று நான் கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரியாது.

ருவன் என்னைப் பார்த்தான். "உங்ககிட்ட தானே அக்கே. வாங்கின அன்னைக்கே மிஸ்ஸுக்குக் குடுத்தது."

பர்சானா மிஸ்ஸின் முகம் மாறியது. அது உண்மை. பெட்டி வந்த அன்றே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டி நின்றால் ஏஜென்டைக் கூப்பிடுவது, ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பது என்றே எங்கள் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழமையாக வாசலில் நின்றிருக்கிறோம். ஐந்து பேருடைய வேலை போகப் பார்த்தது.

மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "நான் மாத்துறன் சேர். இது எங்கட ஷெல்ஃப். பொறுப்பு நான்."

டிரெக்டர் வியர்வையைத் துடைத்தார். "நெருப்புப் பத்தினால்?" என்றார், தமிழிலேயே.

மிஸ் என் பக்கம் திரும்பினார். "லூர்து அக்கா, கரண்ட் கூட்டினா உங்கட கேபிள் தாங்குமா?"

அதுதான் கேள்வி. அந்த ரெக்குக்குக் கேபிள் இழுத்தது நான். கேபிள் முனையில் லக் அடித்தது நான். அப்போதைய மனேஜர், இவ்வளவு தடிப்பான கேபிள் எதுக்கு என்று கத்தினவர். ஆனால் அதை எல்லாம் நான் அங்கே சொல்லவில்லை.

"தாங்கும். ஆனா லோட் போட்டு, நான் கை வச்சுப் பாத்துத்தான் கடைசியாச் சொல்லுவன். கேபிளுக்கு நான் பொறுப்பு."

மிஸ் நம்பரை மாற்றினார். லைட் இன்னும் கொஞ்சம் சிமிட்டியது. பிறகு அணைந்தது. யாரும் கை தட்டவில்லை. எங்கள் ரூமில் பழக்கம் அது, வேலை முடியும்வரை சந்தோஷப்படமாட்டோம்.

கோல் விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நான் ரெக்குக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு இருந்து புறங்கையைக் கேபிளில் வைத்தேன். ருவன் துவக்கு மாதிரிக் குறி வைத்துச் சூடு பார்க்கிற ஒரு சாமானைப் பிடித்தான். அதையும் பிடிக்கச் சொன்னேன்.

"ஹொந்தய்த?" என்று, நல்லமா என்கிற மாதிரி, டிரெக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் சொல்ல ஏலாது சேர்."

"எப்ப சொல்லுவீங்க?"

"கேபிளுக்குச் சூடு ஏறுறதுக்கு நேரம் வேணும். நீங்க டீ குடிங்க."

அவர் டீ குடித்தார். ரோல்ஸும் சாப்பிட்டார். திரும்பி வந்தார். நான் அப்படியே இருந்தேன். பிறகு இன்னொரு டீ. கேபிள் என் கையை விடக் குளிராகத்தான் இருந்தது. ருவனின் சாமானும் அதையே சொன்னது.

"தாங்குது" என்றேன்.

டிரெக்டர் அங்கேயே நின்று கொள்ளுப்பிட்டிக்குப் போன் பண்ணினார். இங்கிலீஷில் கதைத்தார். எனக்கு விளங்கினது "நோ தேங்க்யூ" மட்டும்தான். அது போதும்.

ருவனும் சிவகரனும் பட்டியைக் கழற்றிவிட்டு ஒன்றாகவே கீழே இறங்கிப் போனார்கள். வழியில் மறுபடி ஸ்டேண்டர்டைப் பற்றிச் சண்டை பிடித்தது மாடிக்குக் கேட்டது.

5. பிள்ளைகளுக்கு

பர்சானா மிஸ்ஸிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் அன்றைக்குக் கிடைத்தது. ஒரே மேக் பெட்டி வைத்திருந்தபோது பொறுப்பு கொள்ளுப்பிட்டியில் இருந்தது. அதற்கான காசையும் நாங்கள்தான் கட்டினோம். திறந்த முறைக்கு வந்தால் யாரிடமும் கார்ட் வாங்கலாம். ஆனால் பொறுப்பை மட்டும் யாரிடமும் வாங்க முடியாது. அது ஷெல்ஃபோடு சேர்ந்து உங்கள் ரூமுக்கு வந்துவிடும். கார்ட்காரர் தன் பக்கம் சரி என்பார், ஷெல்ஃப்காரர் தன் பக்கம் சரி என்பார், இரண்டும் உண்மையாக இருக்கும். நடுவில் இருக்கிற இடத்துக்குச் சொந்தக்காரர் நீங்கள். அங்கே கை வைக்கப் பயந்தால் பழைய பெட்டியையே வைத்திருங்கள்.

அந்த ரெக்கில் இன்றைக்கும் இரண்டு பட்டி தொங்குகிறது. புது மேக் கார்ட் வந்தால் அந்த ஆளையும் ஷெல்ஃப் ஆளையும் ஒன்றாகக் கூப்பிட்டுத்தான் போடுவோம். ஒருவர் தனியாக வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுவோம்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் காலையில் கொள்ளுப்பிட்டிச் சேரே படி ஏறி வந்தார். கையில் ஒரு கார்ட் பெட்டி. அவருடைய மேக்கும் ஸ்டேண்டர்டுக்கு மாறிவிட்டதாம். எங்கள் ஷெல்ஃபில் போட்டுக் காட்ட வந்திருந்தார்.

"இங்க நான் யாரைச் சந்திக்கணும்?" என்று கேட்டார்.

ருவனுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தோம். அவன் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் மற்றதை எடுத்தேன்.

"முதல்ல கையைத் தாங்க சேர்" என்றேன்.