கடைவீதிக்கு முதுகு காட்டும் டவுன் ஹால்

கொதிக்கிற டீ, பீடிப் புகை, சட்டையில் ஒட்டிக் காய்ந்த சிமெண்ட்… காலையில் எங்கள் ஊர் பழைய டவுன் ஹாலைத் தாண்டினால் இந்த மூன்று வாசனையும் சேர்ந்துதான் வரும்.

ஊர் பேர் வேண்டாம். சித்தூர்ப் பக்கம், கடைவீதியில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஹாலின் முன்பக்கம், கடைவீதியைப் பார்த்தபடி, வளைவு வளைவாக நீள வராந்தா. அதுதான் ஊரின் கூலி அட்டா. மேஸ்திரிகளும் சித்தாள்களும் காலையில் அங்கே வந்து நிற்பார்கள். வேலைக்கு ஆள் வேண்டியவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். என் நைனாவும் அங்கேதான் நிற்பார். கொத்தனார். அங்கே நின்று கிடைத்த கூலியில்தான் நான் ஆர்க்கிடெக்சர் படித்தேன்.

படித்து முடித்து, திருப்பதியில் ஒரு சின்ன ஆபீசில் முதல் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஒரு நாள் ஆபீஸை நடத்தும் சார் சர்வே ஷீட் ஒன்றை என் டேபிளில் போட்டார்.

"இதி மீ ஊரே கதா… நுவ்வே செய்யி." உங்கள் ஊர்தானே, நீயே செய் என்றார்.

எங்கள் டவுன் ஹால்! பழசு விரிசல் விட்டு, மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் புதுசு கட்ட வேண்டும். மேலே மீட்டிங் ஹால், கீழே நகராட்சி கவுண்டர்கள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிலும் இருக்கிற ஓட்டுக் கடைகளை அமுக்காத மாதிரி இரண்டே மாடி போட்டேன். கண்ணாடியைக் குறைத்தேன். அந்த வராந்தாவை மட்டும் விடவில்லை… இன்னும் அகலமாக்கி, கல் பெஞ்ச், குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்கு ஒரு பாத்ரூம் எல்லாம் வைத்தேன்.

பிரிண்ட் எடுத்து வந்து வீட்டுத் தரையில் விரித்தேன். நைனா குனிந்து குனிந்து பார்த்தார்.

"நாங்க நிக்கற எடம் எங்க மா?"

"இதோ, இங்க நைனா."

"சாரல் உள்ள வருமா?"

"வராது. சன்ஷேட நீட்டி வுட்டுக்கிறேன்."

அவ்வளவுதான். மறுநாள் பஸ்ஸுக்குப் போகும்போது அட்டாவில் சித்தாள் கன்னியம்மாக்கா என்னை மறித்தாள்.

"இன்னா மா, நாங்க குந்தறதுக்கு கல்லு பெஞ்சு போட்றியாமே! மேஸ்திரி ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு!"

நைனா வேறு பக்கம் பார்ப்பதுபோல நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எங்கள் பக்கம் வாஸ்து பார்க்காமல் கோழிக்கூடுகூட கட்டமாட்டார்கள். எல்லாம் ஓகே ஆன பிறகு, நகராட்சி சேர்மன் தன் சித்தாந்தியைக் கூட்டி வந்தார். வாஸ்து பார்க்கிறவர். அவர் என் டிராயிங் மேல் காம்பஸை வைத்துத் திருப்பினார்.

"தக்ஷிண வாகிலி வத்தம்மா."

கடைவீதி இருப்பது தெற்கே. தெற்கு வாசல் ஆகாதாம். தெற்கே திறந்த வராந்தாவும் ஆகாதாம். அந்தப் பக்கம் உயரமாக, பாரமாக இருக்க வேண்டுமாம். வாசலைக் கிழக்குச் சந்தில் வைக்கச் சொன்னார்.

"அது சந்து சார். ஜனங்க எல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்காங்க" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் வாதாடினேன். சேர்மன் சிரித்துக்கொண்டே, பதவியில் இருப்பவன் நான், எனக்கு ஏதாவது ஆனால் நீ பொறுப்பா என்று கேட்டார். காரில் திரும்பும்போது சார் சொன்னது ஒரே வார்த்தை. "வதிலேயம்மா." விட்டுவிடு.

பழைய ஹாலுக்கும் தெற்கு வாசல்தானே? ஊர் அழிந்தா போனது?

வராந்தா இருந்த இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர். அதைக் கட்ட ஆள் தேடி கான்ட்ராக்டர் எங்கே போனார்? அட்டாவுக்குத்தான். நைனாவையும் கூப்பிட்டார்.

"போவாத நைனா" என்றேன்.

"வுடு மா… செவுருக்கும் கொத்தனாரு வேணும்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறுநாள் கரண்டியோடு போய்விட்டார்.

சுவர் எழுந்ததும் அட்டா பைபாஸ் முனைக்குப் போய்விட்டது. அங்கே மரம்கூடக் கிடையாது. கடைவீதியில் நைனாவைத் தேடி வந்தவர்கள் அவர் கைவேலை தெரிந்தவர்கள். "மேஸ்திரி, பாத்ரூம் செவுரு ஓதம் அடிக்குது, வா" என்று உரிமையோடு கூட்டிப் போவார்கள். பைபாஸில் வேன் வந்து நிற்கும். வயசைப் பார்த்துப் பையன்களை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

நைனா வெயிலில் நின்று நின்று, திறக்காத சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்கு வருவார். தட்டில் கொட்டாமல், அதே டப்பாவிலேயே சாப்பிடுவார். போக வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன்.

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது?"

கால் வீங்கிப் படுக்கும்வரை போனார். போன வருஷம் போயே போய்விட்டார்.

இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் அந்தச் சுவருக்கு எதிரே நின்றுகொண்டே டவுன் ஹால் எங்கே என்று கேட்கிறார்கள். கடைக்காரர்கள் சலித்துப்போய்ச் சந்துப் பக்கம் கை காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது.

கட்டி முடித்த புதிதில், உள்ளே வந்து பார் என்று நைனாவை ஒரு தடவை கூப்பிட்டேன். "நமக்கு உள்ள இன்னா வேல மா" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய டெத் சர்டிஃபிகேட்டை அங்கேதான் வாங்க வேண்டியிருந்தது. சந்து வழியாகப் போய் கவுண்டரில் நின்றேன். நல்ல ஏசி. உட்கார வரிசையாக நாற்காலிகள். உள்ளே இருந்த பெண் பேரைக் கேட்டாள், சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டாள்.

மேஸ்திரி என்றேன். எந்த ஊரில் வேலை பார்த்தார் என்றாள்.

இங்கேதான் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.