பாட்டிக்கு மோச்சி கூடாது

எட்டு வயதில் என்னைப் பாட்டியாக்கிவிட்டாள் என் அக்கா. சும்மா பாட்டி இல்லை, ஜப்பான் பாட்டி. ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்குப் போவதற்காக அவள் நகரத்தின் கியாக்டடா பகுதியில் இருந்த ஒரு பயிற்சி வகுப்புக்குத் தினமும் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்த காலம். அங்கே படித்ததை வீட்டில் யாருக்காவது செய்து பார்க்க வேண்டும். வீட்டில் கிழடு யாரும் இல்லை. அகப்பட்டவள் நான்.

சாயங்காலமானால் என் உயிரை வாங்குவாள். கழுத்தில் துண்டைக் கட்டி உட்காரவைத்து, ஜப்பான் பச்சைத் தேநீரைக் கொண்டுவருவாள். எங்கள் ஊர் டீக்கடை மேசையில் காசில்லாமல் சும்மா வைத்திருப்பார்களே, அந்த வெறும் தேநீர் என்றாலும் குடித்துத் தொலைக்கலாம். இது வேப்பிலைக் கசப்பு. அதிலும் சோளமாவைப் போட்டுக் கூழாக்கியிருப்பாள். தண்ணீராக இருந்தால் வயதானவர்களுக்குப் புரையேறுமாம். அடுத்து உடோன் என்று தடித்தடியாக நூடுல்ஸ். எங்கள் ஊர் மொஹிங்கா நூடுல்ஸை மீன்சாறோடு உறிஞ்சி வளர்ந்தவள் நான். என் கண் முன்னாலேயே அதைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டுவாள். மொறுமொறுவென்ற அரிசி பிஸ்கட்டைச் சூப்பில் ஊறப்போட்டுத் தருவாள். எந்த மடையனாவது அப்படித் தின்பானா?

அலமாரி மேல் ஒரு பெட்டி மோச்சி இருந்தது. கொழுக்கட்டை மாதிரி, ஆனால் இன்னும் மெத்தென்று, உள்ளே இனிப்புப் பயறு வைத்தது. வேலை கிடைத்தால் பிரிக்க வைத்திருந்தாள். கேட்டால், "பாட்டிக்கு மோச்சி கூடாது, தொண்டையில சிக்கிக்கும்" என்பாள். நான் பாட்டி இல்லை என்று கத்துவேன். "அப்ப எந்திரிச்சுப் போ!" போனால் மறுநாள் தலை பின்னிவிட மாட்டாள். அம்மா பின்னினால் தலையே கையோடு போய்விடும். வேறு வழியில்லாமல் மறுபடி பாட்டியாவேன்.

கடைசியில், ஊட்டிவிடுவதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னது வகுப்பு. அதைப் பார்த்துத்தான் வேலையாம். அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தடவை தேநீரை அவள் சட்டை மேலேயே துப்பிவிட்டேன். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"இது மட்டும் சரியா வந்துட்டா பெட்டி முழுசும் உனக்குத்தான்டி."

அடிப்பாவி, இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே! ஓடிப்போய், முகத்துக்குப் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைத் தலையில் பூசி நரைமுடியாக்கிக்கொண்டேன். கையை நடுங்கவிட்டேன். அந்தக் கண்றாவிக் கூழைச் சொட்டு விடாமல் விழுங்கி, குனிந்து வணக்கமும் சொன்னேன்.

வேலை கிடைத்துவிட்டது.

ஜப்பானுக்குக் கிளம்புகிற அன்று பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு அக்கா எனக்குத் தலை பின்னினாள். நான் ஆறு மோச்சியையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுங்கினேன். அவளுக்கு ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை. பின்னியதை அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள். சீக்கிரம் விடு என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை அம்மா சீப்போடு வந்தாள். நான் அதைத் தட்டிவிட்டேன். சாயங்காலம் எப்போதும்போல பஸ்ஸில் அக்கா வந்துவிடுவாள், அவளே பின்னட்டும் என்றேன்.