வேர்க்காத ஊரும் காயாத போர்வையும்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அந்தச் சலவைக்கடை முதலாளி. எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும்; எண் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. பன்னிரண்டு வயதில் அழுக்கு மூட்டை சுமந்தவர், இன்று நாளுக்கு முந்நூறு ஆஸ்பத்திரிப் போர்வை வெளுத்துக் கொடுக்கிறார். யாரும் தூக்கிவிடவில்லை. தூக்கிவிடுகிறேன் என்று வந்தவனெல்லாம் இவர் தோளில்தான் ஏறி உட்கார்ந்தான்.

அப்படி ஏறிய கடைசி ஆள் மனைவியின் அண்ணன். முப்பது வருஷம் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்துவிட்டு ஓய்வு பெற்ற பட்டதாரி.

துணி உலர்த்தும் மைதானத்தில் நிலத்துக்காரன் கட்டடம் எழுப்பப் போகிறான். ஆறு மாதத்தில் கொடிக்கயிற்றை அவிழ்த்தாக வேண்டும். மலையடி ஊர், சமவெளி ஊர் இரண்டிலும் ஆஸ்பத்திரிகள் வேலை தரத் தயார். ஆனால் தேர்ந்தெடுக்கும் ஊர் தப்பாகிப்போனால் நாற்பது வருஷ உழைப்பும் போச்சு. ஈரப் போர்வையை எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?

இஸ்திரி மேசையில் மடித்து வைத்திருந்த போர்வைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு மச்சான் தன் லேப்டாப்பை வைத்தார். அந்தத் தள்ளலிலேயே முதலாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாப்ள, முப்பது வருஷத்து வானிலைக் கணக்கு. ஒவ்வொரு ஊருக்கும் மார்க் போட்டுட்டேன். மலையடிதான் முதல் ரேங்க்! சராசரி இருபத்திமூணு டிகிரி. மழை வருஷத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டர்தான். சமவெளில தொள்ளாயிரம். அங்க போனா துணி காஞ்ச மாதிரிதான்!"

"அண்ணன் படிச்சவருங்க, கேட்டுக்கங்க" என்றாள் மனைவி.

முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். படித்தவன் பேசும்போது குறுக்கிடக் கூடாது; விட்டால் குழியில் தானே இறங்குவான். அவர் கண் எண்களின் மேலேயே ஓடியது.

"இந்தக் கடைசி வரிசை என்ன மச்சான்? மலையடிக்கு நூத்தித் தொண்ணூறு, சமவெளிக்கு நாப்பத்தெட்டு?"

"அது மழை விழுந்த நாள் எண்ணிக்கை. நான் சேத்துக்கல. தூறல் போட்டாலே ஒரு நாள்னு எழுதிடுறாங்க. அதெல்லாம் ஒரு மழையா?"

இஸ்திரி போடும் பெண்மணி களுக்கென்று சிரித்தாள்.

"மச்சான், சமவெளி வானம் நாப்பத்தெட்டு நாள்ல கொட்டிட்டு வேலையைப் பாக்கப் போயிடும். உங்க மலையடி ஒருநாள் விட்டு ஒருநாள் மூக்கைச் சிந்துது. நான் எப்ப கொடி கட்டுறது?"

"அப்படிச் சொல்லாதீங்க. சாயங்காலம் நடந்தா பொட்டு வேர்வை வராது, தெரியுமா?"

குட்டு வெளிப்பட்டது. மச்சான் மார்க் போட்டது துணிக்கு அல்ல, தன் ஓய்வுக்கால நடைக்கு! வேர்வையே வராத ஊரில் போர்வை காயுமா என்று யோசிக்காத பட்டம் எதற்கு?

முதலாளிக்கு ஒரு வழக்கம். எந்த ஊருக்கு இடம் பார்க்கப் போனாலும் போர்வையோடுதான் போவார். அங்கேயே நனைத்து உலர்த்தி, வாடை பிடித்துப் பார்ப்பார். இந்தத் தடவை இரண்டு போர்வை எடுத்தார்.

"நீங்க மலையடிக்குப் போங்க மச்சான், நான் சமவெளிக்கு. மூணு நாள். தினம் காலைல நனைச்சுக் கொடில போடணும், சாயங்காலம் எடுக்கணும்."

"நானா?"

"நீங்கதானே ரேங்க் போட்டீங்க?"

நாலாம் நாள் இருவரும் திரும்பினார்கள். முதலாளியின் போர்வை சருகு போல மொடமொடத்தது. மச்சான் தும்மிக்கொண்டே பையைத் திறந்தார். குப்பென்று முடை அடித்தது. மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு நாளும் சராசரியை விட மோசம் மாப்ள" என்றார் மச்சான்.

"அப்ப சராசரியைக் கொடில போட்டிருக்கலாமே!"

மனைவி அண்ணனின் போர்வையை இரண்டு விரலால் தூக்கி ஊறல் தொட்டியில் போட்டாள். பிறகு கணவனிடம் கேட்டாள்: "சமவெளில மைதானம் எவ்வளவு அகலங்க?"

"இதைவிட ரெண்டு மடங்கு."

மச்சான் மறுபடி தும்மினார். மலையடித் தூறலில் தலை நனைந்திருந்தது, சட்டையும் நசநசவென்று இருந்தது.

"மாப்ள... காஞ்ச துண்டு ஒண்ணு கிடைக்குமா?"