சுகுணா எண்ணிய ஐந்து ஆய்வுகள்

அதியமான்கோட்டையில் சுகுணா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கம்ப்யூட்டர் வேலை என்பார்கள் சிலர். மருந்து கம்பெனி என்பார்கள் சிலர். எதிர் வீட்டு ராமக்காள் மட்டும் அவரை டாக்டர் என்றே முடிவு செய்து, சர்க்கரைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்.

“நான் டாக்டர் இல்லீங்க அக்கா. டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணி எழுதுனதையெல்லாம் சேத்து வெச்சுப் படிச்சு, எது நெசம்னு பாக்கற வேலைங்க.”

“அப்ப டாக்டருக்கும் மேலன்னு சொல்லு.”

தாளை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுவார் ராமக்காள்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு மருந்தோ உணவோ பலன் தருகிறதா என்று பத்துப் பேர் பத்து ஊரில் சோதித்திருப்பார்கள். நாலு பேர் ஆமாம் என்பார்கள், ஆறு பேர் இல்லை என்பார்கள். அத்தனையையும் தேடி எடுத்து, ஒழுங்காக நடந்த ஆய்வுகளை மட்டும் சலித்து, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன விடை வருகிறது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் செய்த ஆய்வுகளின் மேல் செய்யும் ஆய்வு. அதில் சுகுணாவுக்குப் பன்னிரண்டு வருட அனுபவம்.

காரிமங்கலத்துப் பக்கம் தக்காளி போட்டு வளர்த்த குப்புராஜின் மகள் அவர். தர்மபுரியில் புள்ளியியல் படித்தார். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நவநீதனைக் கல்யாணம் செய்து அதியமான்கோட்டைக்கு வந்த பிறகும் வாரம் ஒருமுறை பெங்களூர் போய் வந்துகொண்டிருந்தார். கொரோனா வந்ததும் அதுவும் நின்று, வேலை முழுக்க வீட்டுக்கே வந்துவிட்டது. லாரி சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மாலை வரை எழமாட்டார். வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு மார்ச் அப்படிக் காத்திருந்தவர் அவர்.

இந்த வேலையில் ஒரு கறாரான முறை உண்டு. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் படிக்க வேண்டும். தனித்தனியாக, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும் என்ற நம்பிக்கை. சுகுணாவோடு படிப்பவர் சேலத்துக்காரர் பிரபாகர். அவரும் ஒப்பந்தக்காரர்தான், வயதில் இளையவர், சுறுசுறுப்பானவர், சுகுணாவை அக்கா என்று கூப்பிடுவார்.

போன வருடம் சுகுணாவின் தலைமையில் அப்படி ஒரு மீளாய்வு வந்தது. முருங்கைக்கீரைப் பொடி கலந்த ராகி மால்ட்டைத் தினமும் குடித்தால் வளரும் பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகை குறைகிறதா என்பது கேள்வி. மூவாயிரத்துச் சொச்சம் கட்டுரைகளைச் சலித்ததில் ஐந்து தேறின. ஐந்தையும் சேர்த்துப் பார்த்ததில், குறைகிறது என்று விடை வந்தது. ராகி தின்று வளர்ந்த ஊர்க்காரிக்கு இதைவிட இனிப்பான விடை வேறு என்ன வேண்டும். நல்ல பத்திரிகையில் வெளியானது. ஜூன் மாதம் ஒரே ஒரு நிரந்தர இடம் வருகிறது, இந்தக் கட்டுரையை வைத்து அது உங்களுக்குத்தான் என்று இயக்குநரே போனில் சொன்னார்.

மார்ச்சில் இன்னொரு போன். அரூர்ப் பக்கம் பெண்கள் விடுதிகள் நடத்தும் ஓர் அறக்கட்டளையின் செயலாளர் சவுரியப்பன் பேசினார்.

“உங்க கட்டுரையப் பாத்துதாங்க மேடம் முடிவு பண்ணினோம். இரும்புச்சத்து மாத்திரையைப் புள்ளைங்க முழுங்கறதே இல்லீங்க, வயித்தப் பொரட்டுதுன்னு தூக்கி வீசிருதுங்க. ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் மாத்திரையை நிறுத்திட்டு மால்ட் குடுக்கப் போறோம்.”

சுகுணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் தன் எழுத்து ஒரு பிள்ளையின் டம்ளர் வரைக்கும் போவது இதுதான் முதல் தடவை. நவநீதனிடம் இரண்டு முறை சொன்னார்.

ஏப்ரல் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, மின்னஞ்சல் ஒன்று வந்தது. மீளாய்வு செய்தபோது, ஐந்து ஆய்வுகளையும் எழுதியவர்களுக்குச் சந்தேகம் கேட்டுக் கடிதம் போட்டிருந்தார். அது வழக்கம். முக்கால்வாசிப் பேர் பதில் போடமாட்டார்கள், அதுவும் வழக்கம். இப்போது எழுதியிருந்தவர் தி. ஜெயபிரியா, சித்தேரி மலையில் பிறந்து, நர்ஸிங் முதுகலை படித்து, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவர். பேறுகால விடுப்பில் இருந்ததால் பதில் தாமதம், மன்னிக்கவும் என்று தொடங்கியிருந்தார். ‘நடுவில் நின்றுபோன மாணவிகள் பதினான்கு பேர். அவர்களையும் சேர்த்த மூன்று மாத விவரம் என் முதல் கட்டுரையில் இருக்கிறது. அது கல்யாணத்துக்கு முன் எழுதியது. வீ. ஜெயபிரியா என்று இருக்கும்.’

சுகுணா அதை மூன்று முறை படித்தார். இரண்டு கட்டுரைகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அந்த ஐந்தில் ஒன்று வீ. ஜெயபிரியா எழுதியது, தொண்ணூற்றிரண்டு மாணவிகள், மூன்று மாதம். இன்னொன்று தி. ஜெயபிரியா எழுதியது, எழுபத்தெட்டு மாணவிகள், ஆறு மாதம். நான்கு வருட இடைவெளி. ஒன்றில் ஊர் பெயர் இல்லை, ‘ஒரு மலைப்பகுதி’ என்று மட்டும் இருந்தது. தொண்ணூற்றிரண்டில் பதினான்கு போனால் எழுபத்தெட்டு. அதே பிள்ளைகள், அதே டம்ளர். ஒரே ஆய்வை இரண்டு ஆய்வாகச் சேர்த்திருந்தார்கள்.

அப்பா வீரனின் எழுத்து போய், புருஷன் திருமாலின் எழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரட்டைக் கட்டுரைகளைப் பிடிக்கும் மென்பொருளுக்கு அது இரண்டு ஆள். பத்திரிகையின் வெளிநாட்டு ஆசிரியருக்கும் இரண்டு ஆள். பிரபாகருக்குக் கல்யாணம் ஆனாலும் இனிஷியல் மாறப்போவதில்லை, அவருக்குத் தோன்றாததில் வியப்பில்லை. ஆனால் கு. சுகுணாவாக இருந்து ந. சுகுணா ஆனவர் இவர். ஆதாருக்கும் பான் கார்டுக்கும் வங்கிக்கும் எழுத்து மாற்ற எட்டு மாதம் இ-சேவை மையத்தில் தவம் கிடந்தவர். இவருடைய கட்டுரைகளே இரண்டு பெயரில்தான் கிடக்கின்றன. உலகத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கூடிய ஒருவர் இருந்தால் அது இவர்தான், அவர் கோட்டைவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி ஆறுதல் அடையலாம். சறுக்கியது எல்லாரும் நடக்கும் வழியில் என்றால் அந்த ஆறுதல் எடுபடும். இவர் சறுக்கியது சொந்த வாசற்படியில்.

ஒன்றை எடுத்துவிட்டு நான்கை மட்டும் சேர்த்துப் பார்த்தார். மால்ட் ரத்தசோகையைக் குறைக்கிறது என்றும் சொல்லலாம், குறைக்கவில்லை என்றும் சொல்லலாம் என்று விடை வந்தது. அதாவது, தெரியாது.

ஒன்பது நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. பத்தாம் நாள் பிரபாகரை அழைத்தார்.

“இதுவரைக்கும் யாரும் கேக்கலையேக்கா,” என்றார் பிரபாகர்.

“கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிருமா?”

“இல்லைன்னு சொல்லல. ஜூன்ல போஸ்டிங் வந்துரட்டும், ஜூலைல சொல்லிக்கலாம்னு சொல்றேன். ஒரு மாசந்தானேக்கா.”

“ஜூன்லதான் பிரபாகர் மாத்திரையை நிறுத்தறாங்க.”

“நுணலும் தன் வாயால் கெடும்னு எங்க வூட்ல சொல்லுவாங்க. நான் சொல்றதச் சொல்லிட்டேன். திருத்தத்துல என் பேரும் வருமா?”

“தலைமை என்னுது. என் பேருல போட்டுக்கறேன்.”

தப்பு இரண்டு பேர் கண்ணுக்கும் தப்பியதுதான். அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். பெரிய மனசு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், எனக்கென்னவோ அது அசட்டுத்தனம் என்றுதான் படுகிறது.

அன்று மாலையே பத்திரிகைக்கும் இயக்குநருக்கும் சவுரியப்பனுக்கும் எழுதினார். நடந்த தவறு, அது யாருடையது, மாறிய விடை என்ன என்று மூன்று கடிதத்திலும் ஒரே மாதிரி இருந்தது. மாத்திரையை நிறுத்த வேண்டாம், மால்ட் கொடுத்தால் மாத்திரையோடு சேர்த்துக் கொடுங்கள் என்பது மட்டும் சவுரியப்பனுக்கு அதிகம். இயக்குநர் பதில் போடவில்லை. சவுரியப்பன் போன் செய்து கோபித்துக்கொண்டார்.

“இருநூறு கிலோ பொடிக்குச் சொல்லிட்டமேங்க மேடம். போன வருசம் ஒண்ணு சொல்றீங்க, இந்த வருசம் ஒண்ணு சொல்றீங்க.”

“தப்புப் பண்ணிட்டேங்க. மாத்திரை மட்டும் நிக்கக் கூடாதுங்க. வேணும்னா புள்ளைங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாருங்க.”

கோபக்காரராக இருந்தாலும் சவுரியப்பன் காதில் போட்டுக்கொள்பவர். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் விடுதிகளில் ரத்தம் எடுத்தார்கள். சுகுணா கேட்டுக்கொண்டதால் ஜெயபிரியாவே தன் நர்ஸிங் மாணவிகளோடு வந்து எடுத்தார். பெயர் இல்லாமல் எண்கள் மட்டும் உள்ள பட்டியலைச் சுகுணாவுக்கும் அனுப்பிவைத்தார்.

அதைத் திறந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் இயக்குநரின் அழைப்பு வந்தது. நிரந்தர இடம் பிரபாகருக்கு. திருத்தம் வெளியான நேரம் சரியில்லை, மேலிடத்தில் கேள்வி வரும், உங்கள் ஒப்பந்தம் வரும் மார்ச் வரை அப்படியே தொடரும், பிரபாகரோடு ஒத்துழைத்து வேலை செய்யுங்கள் என்றார். சுகுணா சரிங்க சார் என்றார். வைத்த பிறகு அழுதார். அந்த இடம் போனதற்குத்தான் அழுதார், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

நவநீதன் உள்ளே வந்து பார்த்துத் திகைத்து நின்றார்.

“யாரு போன்ல?”

“ஆபீஸ்லங்க. போஸ்டிங் பிரபாகருக்காம்.”

“அவனும்தானே அந்தப் பேப்பரப் படிச்சான்?”

“ஆமாங்க.”

“அப்புறம் என்னத்துக்கு நீ மட்டும் முந்திக்கிட்டுப் போய்ச் சொன்னே? ஒரு மாசம் பொறுத்திருந்தா என்ன ஆயிருக்கும்?”

சுகுணா முகத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். நூற்று நாற்பது வரி இருந்தது. பதின்மூன்று வரிக்கு ஜெயபிரியா சிவப்பு போட்டிருந்தார்.

“இந்தப் பதிமூணு புள்ளைங்களுக்கும் பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் எட்டுக்குக் கீழ இருக்குதுங்க. ஏழு, ஆறரை. நான் எழுதுனத நம்பி இதுங்களுக்குத்தான் மாத்திரையை நிறுத்த இருந்தாங்க.”